சிவப்பு இடது, பச்சை வலது: ஒரு படகு லைட்டோட வரலாறு

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். போன மே மாசம், ஏழு பேர் கடலுக்குப் போற ஒரு விசைப்படகுல, கேபினைச் சுத்தி நான் ஒரு பச்சை எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டினேன். சாயங்காலம் ஆன் பண்ணிப் பார்த்தா செம அழகு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்லகூட போட்டேன். பத்தே நிமிஷத்துல அந்தப் படகோட டிரைவர் வந்து, "தம்பி, அதக் கழட்டிருங்க"ன்னார்.

ஏன்னு கேட்டேன். அவர் சொன்னது ஒரே வரிதான். அந்த வரிக்குப் பின்னாடி கிட்டத்தட்ட 200 வருஷ வரலாறு இருக்குன்னு சென்னை திரும்பி வந்து படிச்சப்பதான் தெரிஞ்சது. இன்னைக்கு அந்தக் கதை.

கடல் இல்லாத ஊரு

புதுசா கேக்கறவங்களுக்காக: எனக்குச் சொந்த ஊர் அரியலூர் மாவட்டம், ஜெயங்கொண்டம் பக்கம். படிச்சது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், வேலை ஓ.எம்.ஆர்.ல சாஃப்ட்வேர். தமிழ்நாட்டுல இது ஒண்ணும் அதிசயம் இல்ல.

எங்க அரியலூருக்கோ பக்கத்துப் பெரம்பலூருக்கோ கடல் கிடையாது. ஆனா ஒரு காலத்துல இருந்துச்சு. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துல இந்தப் பகுதியில கடல் பரவியிருந்தது. அந்தக் கடல் உயிரினங்களோட புதைபடிவங்களை இன்னைக்கும் வாரணவாசி அருங்காட்சியகத்துல பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித்தான் எங்க ஊரு சிமெண்ட் ஃபேக்டரிகள் ஓடுது. அந்தச் சுண்ணாம்புக்கல்லையும் சிமெண்டையும் ஏத்திக்கிட்டு ராத்திரி பகலா லாரி ஓடுது. அதனால எங்க ஊர்ல கப்பல்னா லாரிதான்.

எங்க தாய்மாமா பெரம்பலூர்ல பைபாஸ் ஓரமா ஆட்டோ எலக்ட்ரிகல் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கார். லாரி, பஸ், டிராக்டர்னு எல்லாத்துக்கும் வயரிங். முப்பது வருஷ அனுபவம். போன வருஷம் ஒரு லாரி ஓனர் மூலமா அவருக்கு ஒரு வித்தியாசமான வேலை வந்தது. பழையாறு துறைமுகத்துல அந்த ஓனரோட சொந்தக்காரர் ஒருத்தருக்கு ஒரு விசைப்படகு. மீன்பிடித் தடைக்காலம். படகு சும்மா நிக்குது. லைட் எல்லாத்தையும் எல்.இ.டி.யா மாத்தணும்.

தடைக்காலம் தெரியாதவங்களுக்கு: கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக. அந்த ரெண்டு மாசம்தான் படகுக்கு பெயின்ட், இன்ஜின் வேலை, மரவேலை, வயரிங் எல்லாம் நடக்கும்.

லாரி எலக்ட்ரீஷியனை ஏன் படகுக்குக் கூப்பிடணும்? நம்ம கடற்கரையில நிறைய விசைப்படகுல ஓடுறது அசோக் லேலண்ட் இன்ஜின்தான், கடலுக்கு ஏத்த மாதிரி மாத்தினது. பேட்டரியும் லாரி மாதிரியே, ரெண்டு 12 வோல்ட்டைச் சேர்த்து 24 வோல்ட். மாமா சொன்னார்: "மாப்ள, டயர் இல்லாத லாரிடா அது. நீயும் வா, ரெண்டு நாள்ல முடிச்சுருவோம்."

நானும் கிளம்பிட்டேன். போறதுக்கு முன்னாடி யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க தங்களோட கேபின் குரூசர் படகுல தாங்களே எல்.இ.டி. மாட்டற வீடியோ பத்துப் பதினஞ்சு பார்த்தேன். சமையல் மேடைக்குக் கீழ ஸ்ட்ரிப், படிக்கட்டுல குட்டி லைட், தண்ணிக்குள்ள நீல லைட். நம்ம படகையும் அப்படி ஆக்கிரலாம்னு ஒரு ஆர்வம். பெரம்பலூர்லயே ஒரு கடையில பச்சை ஸ்ட்ரிப் அஞ்சு மீட்டர் என் காசுல வாங்கிட்டேன்.

96 ஆட்டுக்கு ஒரு விளக்கு

விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். அரியலூர், ஜெயங்கொண்டம், அப்புறம் கங்கைகொண்ட சோழபுரம். இருட்டுல கோயில் விமானம் மட்டும் கறுப்பா தெரிஞ்சது. 1025 வாக்குல கடாரம் வரைக்கும் கப்பற்படை அனுப்பின ராஜேந்திர சோழனோட தலைநகரம், கடல் கண்ணுக்கே தெரியாத இந்த இடத்துலதான் இருந்தது.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். சோழர் காலத்துல ஒரு விளக்கு எரிக்க என்ன செலவுன்னு நமக்குத் தெரியும். கோயில்ல அணையாம எரியற விளக்குக்கு நந்தாவிளக்குன்னு பேர். ஒரு நந்தாவிளக்குக்குத் தானம் கொடுக்கறவங்க வழக்கமா கொடுத்தது 96 ஆடு. அந்த ஆடுகளை இடையர்கள்கிட்ட ஒப்படைப்பாங்க. அவங்க தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். கல்வெட்டுல அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேர். அதாவது அந்த மந்தை சாகவும் கூடாது, கிழடாகவும் கூடாது. ஒண்ணு செத்தா குட்டியை வெச்சு எண்ணிக்கையைச் சரிக்கட்டணும். நம்ம பாஷையில சொன்னா, நூறு சதவீதம் அப்டைம் கேக்கற ஒப்பந்தம்.

ஒரு சுடருக்கு 96 ஆடு. வெளிச்சம் அவ்வளவு விலையா இருந்தப்ப, அதை எங்க வைக்கலாம்னு ஊரே யோசிச்சு, கல்லுல வெட்டி வெச்சது. கடலுக்கும் அதே கதைதான். சென்னையோட முதல் கலங்கரை விளக்கம் 1796ல புனித ஜார்ஜ் கோட்டைக் கட்டடத்து மேல வெச்ச தேங்காயெண்ணெய் விளக்குதான். 1844ல அது தனித் தூணுக்குப் போச்சு, 1894ல உயர்நீதிமன்றக் கோபுரத்து மேல ஏறிச்சு, 1977ல இப்ப இருக்கற மெரினா கோபுரத்துக்கு வந்தது.

கரையில விளக்கு வந்தாச்சு. ஆனா கப்பல் மேலயே விளக்கு கட்டாயம்னு யாரும் அதுவரைக்கும் சொல்லல. பாய்மரக் கப்பல் மெதுவா போகும், காத்துக்கு ஏத்த மாதிரிதான் திரும்பும். நீராவிக் கப்பல் வந்ததும் எல்லாம் மாறிப்போச்சு. எந்தத் திசையிலயும், ராத்திரியிலயும், வேகமா போகலாம். அப்புறம் என்ன, மோதல்தான்.

பச்சையும் சிவப்பும் வந்த கதை

1838ல அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: ராத்திரியில ஓடற நீராவிப் படகு விளக்கு வெச்சிருக்கணும். சரி, விளக்கு இருக்குன்னு தெரியுது. ஆனா அந்தப் படகு என்னைப் பார்த்து வருதா, விலகிப் போகுதா? வெறும் வெள்ளைப் புள்ளியை வெச்சு அதைச் சொல்ல முடியாது.

இதுக்கு விடை 1848ல பிரிட்டன்ல வந்தது. நீராவிக் கப்பலுக்கு உச்சியில வெள்ளை, இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. 1863ல பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து உருவாக்கின விதிகள் நடைமுறைக்கு வந்துச்சு. அடுத்தடுத்து நிறைய நாடுகள் அதை ஏத்துக்கிட்டாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க இருக்கற விதி, 1972ல உருவாகி 1977ல அமலுக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகள். விமானத்து இறக்கையில சிவப்பு பச்சை பார்த்திருப்பீங்களே, அதுவும் கப்பல்கிட்ட இருந்து வந்ததுதான்.

இதுல இருக்கற டிசைன் என்னை அசர வெச்சது. கேளுங்க. ராத்திரியில உங்க வலது பக்கம் ஒரு படகு, உங்க பாதையைக் குறுக்க வெட்டி இடப்பக்கமா போகுதுன்னு வெச்சுக்குங்க. அதோட எந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியும்? அதோட இடது பக்கம். அதாவது சிவப்பு. விதிப்படி, வலது பக்கம் வர்ற படகுக்கு நீங்கதான் வழி விடணும். ஆக, சிவப்பு தெரிஞ்சா நீங்க ஒதுங்கணும். அதே நேரத்துல அந்தப் படகுக்காரர் உங்களைப் பார்த்தா அவருக்கு உங்க வலது பக்கம், பச்சை தெரியும். நீ போ. ரெண்டு பேரும் பேசவே வேண்டாம். ரேடியோ கண்டுபிடிக்கறதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே எழுதின ஒரு கம்யூனிகேஷன் புரோட்டோகால் இது.

கோணம்கூட கணக்குதான். பக்க விளக்கு ஒவ்வொண்ணும் நேர் முன்னாடியில இருந்து 112.5 டிகிரிக்குத்தான் தெரியணும். பின்னாடி விளக்கு வெள்ளை, 135 டிகிரி. கூட்டிப் பாருங்க, சரியா 360 வரும். எந்தத் திசையில இருந்து பார்த்தாலும் அந்தந்தக் கோணத்துக்கான நிறம் மட்டும் தெரியும். நேர் எதிர்ல வந்தா மட்டும்தான் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரியும்.

மீன்பிடிப் படகுக்குத் தனிக் குறியீடு. இழுவலை போட்டு இழுக்கற படகுக்கு மேல பச்சை, கீழ வெள்ளை, ரெண்டும் நாலு பக்கமும் தெரியணும். "நான் வலை இழுத்துக்கிட்டு இருக்கேன், சட்டுனு திரும்ப முடியாது, நீ விலகிப் போ"ன்னு அர்த்தம். வேற வலை போட்டிருந்தா மேல சிவப்பு, கீழ வெள்ளை.

இப்ப என் பச்சை ஸ்ட்ரிப்புக்கு வாங்க. கேபினைச் சுத்தி, நாலு பக்கமும், ராத்திரி முழுக்க பச்சை. டிரைவர் அண்ணன் சொன்ன அந்த ஒரு வரி இதுதான்: "தம்பி, காரைக்காலுக்குப் போற கப்பல்காரன் இதப் பாத்தா, நாங்க வலை இழுக்குறோமா, எந்தப் பக்கம் போறோமான்னு எப்படிக் கண்டுபிடிப்பான்?"

என்கிட்ட பதில் இல்ல. கடல்ல வெளிச்சம்கிறது ஒரு வாக்கியம்னு வெச்சுக்கிட்டா, நான் அதுல குறுக்க புகுந்து கத்தியிருக்கேன். விதிப்புத்தகத்துலயே இது இருக்கு. சூரியன் மறைஞ்சதுல இருந்து உதிக்கற வரைக்கும், இந்த விளக்குகளோட குழப்பிக்கக்கூடிய வேற எந்த விளக்கும் எரியக் கூடாது. டிரைவர் அண்ணன் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருப்பாரான்னு தெரியாது. ஆனா ராத்திரி கடல்ல முப்பது வருஷம் நின்னவர்.

முதல் பல்பு ஏறினது கப்பல்ல

மின்சார வெளிச்சத்துக்கும் படகுக்கும் இருக்கற உறவு நாம நினைக்கறதைவிடப் பழசு. எடிசன் பல்பை மென்லோ பார்க்ல காட்சிக்கு வெச்சது 1879 கடைசியில. அதைப் பார்க்க வந்தவங்கள்ல ஹென்றி வில்லார்டுன்னு ஒரு தொழிலதிபரும் உண்டு. அவர் கம்பெனிக்கு அப்ப 'கொலம்பியா'ன்னு ஒரு நீராவிக் கப்பல் கட்டிக்கிட்டு இருந்தாங்க. இந்த பல்பை என் கப்பல்ல மாட்டிக் கொடுங்கன்னு கேட்டார். எடிசனோட ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடந்த முதல் வணிக ரீதியான பல்பு வேலை அதுதான்.

கப்பல் கட்டின கம்பெனி பயந்துபோச்சு. தீப்பிடிச்சா என்ன பண்றது? நாங்க மாட்ட மாட்டோம்னுட்டாங்க. அதனால கப்பல் நியூயார்க் வந்ததும், 1880ல எடிசனோட ஆட்களே ஏறி வயரிங் பண்ணாங்க. நூத்துக்கும் மேல பல்பு. ஃபியூஸுக்கு சின்ன ஈயக் கம்பி. ரூம்ல இருக்கறவர் இஷ்டத்துக்கு ஆன், ஆஃப் பண்ண முடியாது. ஸ்விட்ச் ரூமுக்கு வெளியே பூட்டின மரப்பெட்டிக்குள்ள இருக்கும், பணியாள்தான் வந்து திறந்து போடணும். வோல்டேஜ் கூடுதா குறையுதான்னு பார்க்க மீட்டர் கிடையாது. இன்ஜின் ரூம்ல ஒருத்தர் பல்பு எவ்வளவு பிரகாசமா எரியுதுன்னு கண்ணால பார்த்தே சரி பண்ணுவார். ஃபேக்டரிக்காரன் மாட்டேன்னு சொன்னதை, தெரிஞ்சவங்களே ஏறி மாட்டின கதை. தடைக்காலத்துல பழையாறுல நாங்க பண்ணதும் அதேதான்.

கொலம்பியா தென் அமெரிக்காவைச் சுத்திக்கிட்டு அமெரிக்காவோட மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. பல்பெல்லாம் நல்லாவே எரிஞ்சது. அந்தக் கப்பல் 27 வருஷம் ஓடுச்சு.

1907 ஜூலை 21. நள்ளிரவு தாண்டின நேரம். கலிஃபோர்னியா கரைக்குப் பக்கத்துல அடர்த்தியான மூடுபனி. கொலம்பியா வேகத்தைக் குறைக்கல. எதிர்ல மரம் ஏத்திக்கிட்டு வந்த 'சான் பெட்ரோ'ங்கற கப்பல் மோதிச்சு. பத்து நிமிஷத்துக்குள்ள கொலம்பியா மூழ்கிடுச்சு. 88 பேர் செத்துப்போனாங்க. எடிசனோட பல்பு முதன்முதலா எரிஞ்ச கப்பல், எதிர்ல வர்றவன் கண்ணுக்குச் சரியான நேரத்துல தெரியாமப் போய் முடிஞ்சது. உள்ளே எவ்வளவு வெளிச்சம் இருந்தும் அது உதவல.

கல்லுல தெரிஞ்ச வெளிச்சம்

அதே 1907. பிப்ரவரி மாசம், கொலம்பியா மூழ்கறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி. மார்க்கோனி கம்பெனியில ரேடியோ வேலை பார்த்துக்கிட்டு இருந்த ஹென்றி ரவுண்டுங்கற இன்ஜினியர் ஒரு பத்திரிகைக்குச் சின்னக் குறிப்பு எழுதினார். கார்போரண்டம் துண்டு ஒண்ணுல மின்சாரம் விட்டா மஞ்சளா ஒரு ஒளி வருது, யாருக்காவது காரணம் தெரியுமான்னு. கார்போரண்டம்னா சாணைக்கல்லுல இருக்குமே, அந்தப் பொருள். எல்.இ.டி.யோட முதல் பதிவு அந்தக் குறிப்புதான்.

அதுக்கப்புறம் 1920கள்ல ரஷ்யாவுல ஒலெக் லோசெவ் இதை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணார். 1942ல லெனின்கிராட் முற்றுகையில பட்டினியால செத்துப்போனார். 1962ல அமெரிக்காவுல நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியற சிவப்பு எல்.இ.டி. செஞ்சார். வெள்ளை வெளிச்சத்துக்கு நீலம் வேணும். அது வராம முப்பது வருஷம் போச்சு. ஜப்பான்ல அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேரும் சேர்ந்தும் தனித்தனியாவும் அதைச் சாதிச்சாங்க. 1993ல நகமுரா நல்ல பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டு வந்தார். 2014ல மூணு பேருக்கும் நோபல்.

அடுத்து நடந்தது நம்ம நாட்டுக் கதை. 2015 ஜனவரியில உஜாலா திட்டம் ஆரம்பமாச்சு. அரசு மொத்தமா வாங்கற எல்.இ.டி. பல்போட விலை 2014ல சுமார் 310 ரூபாயா இருந்தது, 2017ல சுமார் 38 ரூபாய்க்கு இறங்கிடுச்சு. 96 ஆடு எங்க, 38 ரூபாய் எங்க. விலை இப்படிச் சரிஞ்சப்பதான் என்னை மாதிரி ஒருத்தன், எதுக்குன்னு யோசிக்காம அஞ்சு மீட்டர் வாங்கிட்டுப் போறான்.

நாங்க பண்ண மத்த தப்புகள்

பச்சை ஸ்ட்ரிப்பை அன்னைக்கு ராத்திரியே கழட்டிட்டேன். மறுநாள் காலையில பார்த்தா, தப்பு அது ஒண்ணு மட்டும் இல்ல. சொந்தமா வண்டியிலயோ படகுலயோ கை வைக்கறவங்க இதைக் கவனமா கேளுங்க.

முதல்ல, பக்க விளக்கு. பழைய கூடுல சிவப்புக் கண்ணாடி இருந்தது. உள்ளே குண்டு பல்பை எடுத்துட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டோம். தூரத்துல நின்னு பார்த்தா சிவப்பு மங்கிப்போய் ரோஸ் மாதிரி தெரியுது. காரணம், கூல் ஒயிட் எல்.இ.டி.யோட வெளிச்சத்துல சிவப்பு ரொம்பக் கம்மி. கண்ணாடி சிவப்பை மட்டும்தானே வெளியே விடும்? விடறதுக்கு உள்ளே சரக்கு இல்ல. குண்டு பல்புல சிவப்புதான் நிறைய. இன்னொண்ணு, அந்தக் கூட்டுல கோணம் வெட்டறது ஒரு மெல்லிய இழையை நம்பித்தான். நாலு பக்கமும் சில்லு ஒட்டின எல்.இ.டி.யைப் போட்டா அந்த 112.5 டிகிரி எல்லை கலங்கிடும். அதனால பழைய கூட்டையே தூக்கிட்டு, படகுக்குன்னே செஞ்ச முழு எல்.இ.டி. விளக்கை வாங்கி மாட்டினோம். விலை மூணு மடங்கு. ஓனர் அண்ணன் முகம் சுருங்குச்சு, ஆனா வாங்கினார்.

ரெண்டாவது, வோல்டேஜ். கேபினுக்குள்ள வெள்ளை ஸ்ட்ரிப் போட்டோம், 24 வோல்ட். அதுல ஆறு எல்.இ.டி. வரிசையா, கூட ஒரு ரெசிஸ்டர். ஒரு எல்.இ.டி.க்கு 3.1 வோல்ட்னு வெச்சா ஆறுக்கு 18.6. மிச்சம் 5.4 வோல்ட் ரெசிஸ்டர் மேல. ஆனா இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் தருது. அப்ப ரெசிஸ்டர் மேல 9.4. வோல்டேஜ் கூடினது 17 சதவீதம், கரண்ட் கூடறது 70 சதவீதத்துக்கும் மேல. அதனாலதான் லாரியில ஒட்டற ஸ்ட்ரிப் ஆறே மாசத்துல அங்கங்க செத்துப்போகுது. நடுவுல ஒரு ரெகுலேட்டர் போட்டா தீர்ந்தது. மாமா முப்பது வருஷ சர்வீஸ்ல முதல் தடவையா என்னைப் பார்த்து, "காலேஜ்ல ஏதோ சொல்லித்தான் குடுத்திருக்கான்"ன்னார்.

மூணாவதுல நான் தலை குனியணும். எர்த். லாரியில ஒரு வயர் போதும், மைனஸுக்கு சேஸிஸ் இருக்கு. மாமா பழக்கத்துல இன்ஜின் பிளாக்கையே சேஸிஸ் மாதிரி வெச்சு நாலு லைட்டுக்கு மைனஸ் எடுத்துட்டார். நானும் பார்த்துக்கிட்டு நின்னேன். பக்கத்துப் படகுல வேலை பார்த்த ஒரு பெரிய மெக்கானிக் எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, புரொப்பல்லரை அரிக்க விடப் போறியா?"ன்னு கேட்டார். உப்புத்தண்ணி மின்சாரத்தைக் கடத்தும். இன்ஜின், ஷாஃப்ட், புரொப்பல்லர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கு. அந்த வழியில கொஞ்சம் கரண்ட் கசிஞ்சாலும் உலோகம் கரைய ஆரம்பிச்சிடும். படகுல ஒவ்வொரு லைட்டுக்கும் ரெண்டு வயர், பேட்டரி வரைக்கும் தனியா போகணும்.

இதுக்கும் ஒரு பழைய கதை இருக்கு. அந்தக் காலத்து மரக் கப்பலுக்கு அடியில செம்புத் தகடு அடிப்பாங்க, புழு துளைக்காம இருக்க. கடல் தண்ணியில செம்பு அரிச்சுக்கிட்டே போகும். 1824ல ஹம்ப்ரி டேவி ஒரு யோசனை சொன்னார்: செம்போட இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்து வெச்சா, அது அரிச்சுப்போகும், செம்பு தப்பிச்சுக்கும். சோதனை பண்ண கப்பல்கள்ல ஒண்ணு எச்.எம்.எஸ். சமராங். அது நம்ம பக்கத்துக் கொச்சியில 1822ல கட்டினது. செம்பு அரிக்கறது நின்னுடுச்சு. ஆனா செம்பு கரையும்போது வர்ற விஷம்தான் அதுவரைக்கும் பாசியையும் சிப்பியையும் ஒட்டவிடாம வெச்சிருந்தது. அது நின்னதும் அடியெல்லாம் சிப்பி ஒட்டி, கப்பல் வேகம் குறைஞ்சுபோச்சு. ஒரு பக் ஃபிக்ஸ் பண்ணா இன்னொரு பக் வரும்னு டேவிக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் அவர் தத்துவம் தோக்கல. இன்னைக்கும் படகோட அடியில துத்தநாகக் கட்டி போல்ட் பண்ணியிருப்பாங்க.

நாலாவது, ரேடியோ. மலிவான எல்.இ.டி.க்குள்ள இருக்கற டிரைவர் சர்க்யூட் வேகமா ஆன், ஆஃப் ஆகி ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். 2018 ஆகஸ்ட்ல அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பத்தி ஒரு எச்சரிக்கையே வெளியிட்டாங்க. அதுல சொன்ன சோதனை ரொம்ப சுலபம். வி.எச்.எஃப். ரேடியோவை யாரும் பேசாத சேனல்ல வைங்க. எல்.இ.டி. எல்லாம் ஆஃப். ஸ்குவெல்ச் குமிழைத் திருப்பி, இரைச்சல் அப்பதான் நின்ன இடத்துல நிறுத்துங்க. இப்ப எல்.இ.டி.யை ஆன் பண்ணுங்க. இரைச்சல் திரும்ப வந்தா உங்க லைட்தான் காரணம். நாங்க பண்ணிப் பார்த்தோம். டெக்ல போட்ட நாலு ஃபிளட் லைட்ல ஒண்ணு கத்துச்சு. அவசரத்துக்குக் கூப்பிட்டா கேக்காம போயிருக்கும். அதை மாத்தினோம்.

லாபமும் சொல்லணும். பழைய 70 வாட் ஹாலோஜன் நாலு, 280 வாட். இப்ப 18 வாட் எல்.இ.டி. நாலு, 72 வாட். 24 வோல்ட்ல கிட்டத்தட்ட 12 ஆம்பியர் இருந்தது 3 ஆம்பியருக்கு வந்துடுச்சு. இன்ஜினை நிறுத்திட்டு வலையைச் சரி பண்ற நேரத்துல பேட்டரி இறங்குமோன்னு பயப்பட வேண்டாம்.

வெளிச்சமே வலையானப்ப

டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்ப டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டேன், மீனை இழுக்க தண்ணிக்கு மேல பெரிய எல்.இ.டி. போடறாங்களாமே, அப்படின்னு. அவர் கையைக் கட்டிக்கிட்டு, "அது வேணாம் தம்பி"ன்னார்.

வெளிச்சத்துக்கு மீன் வரும்கிறது மீனவர்களுக்குத் தலைமுறையா தெரிஞ்ச விஷயம். எண்ணெய் விளக்கு காலத்துல அதுக்கு ஒரு அளவு இருந்தது. எல்.இ.டி.யும் ஜெனரேட்டரும் வந்ததும் அந்த அளவு போயிடுச்சு. குஞ்சு மீன்ல இருந்து எல்லாம் ஒரே இடத்துல கூடும், ஒரே வலையில போகும். பக்கத்துல சின்னப் படகுல வர்றவருக்கு ஒண்ணும் மிஞ்சாது. 2017 நவம்பர்ல மத்திய அரசு, இந்தியாவோட பொருளாதாரக் கடல் எல்லைக்குள்ள எல்.இ.டி. மாதிரி செயற்கை வெளிச்சம் வெச்சு மீன் பிடிக்கறதைத் தடை பண்ணாங்க.

நினைச்சுப் பாருங்க, 1838ல படகுல விளக்கு வைன்னு சட்டம் போட வேண்டி இருந்தது. 2017ல வைக்காதேன்னு சட்டம் போட வேண்டியதாச்சு. நடுவுல மாறினது வெளிச்சத்தோட விலை.

கரையில நின்னு பார்த்தது

ரெண்டாவது நாள் சாயங்காலம் வேலை முடிஞ்சது. டிரைவர் அண்ணன் எங்களைப் படகுல ஏற விடல. "லைட்டப் போட்டுட்டு நீங்க கரையில நடந்து போங்க. அங்க இருந்து பாருங்க"ன்னார். மாமாவும் நானும் இருட்டுல நடந்தோம். முதல்ல பச்சை தெரிஞ்சது. நடக்க நடக்க, படகோட மூக்குக்கு நேரா வந்ததும் பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிஞ்சது. இன்னும் நாலு அடி எடுத்து வெச்சதும் பச்சை மறைஞ்சு சிவப்பு மட்டும். கத்தியால வெட்டின மாதிரி. மாமா முன்னும் பின்னுமா மூணு தடவை நடந்து பார்த்தார். சின்னப் பையன் மாதிரி.

திரும்பி வரும்போது ஜெயங்கொண்டம் தாண்டினதும் சிமெண்ட் லாரிகள் வரிசையா எதிர்ல. ஒண்ணு நெத்தி முழுக்க நீலம், பச்சை, சிவப்புன்னு எல்.இ.டி. அடிச்சுக்கிட்டு வந்தது. கண்ணு கூசி மாமா வண்டியை ஓரம் கட்டிட்டார். லாரி போனப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"அது நான் மாட்டினதுதான் மாப்ள"ன்னார்.

போன வாரம் போன் பண்ணியிருந்தார். ஒரு லாரிக்காரர் முன்னாடி பூரா பச்சை ஸ்ட்ரிப் கேட்டு வந்தாராம். மாமா அவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போய் நிக்க வெச்சு, லைட்டைப் போட்டுக் காட்டி, "எதிர்ல வர்றவனா நின்னு பாருங்க"ன்னாராம். அவர் கேட்டாரா இல்லையான்னு கேட்டேன். "பாதி ஸ்ட்ரிப்போட போயிட்டான்"ன்னு சிரிச்சார்.

உங்க வண்டியிலயோ, வீட்டுலயோ, படகுலயோ நீங்களே லைட் மாட்டி ஏதாவது சொதப்பியிருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.